கேளுங்க சிஸ்டர்: புதன்கிழமை ஊசி சந்தேகங்கள்

போன இதழ்ல "குழந்தைங்க தடுப்பூசி பத்தி கேளுங்க"ன்னு ஒரு வரி போட்டதுதான் தாமதம், கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் சேர்த்து ஒண்ணா பதில் சொல்லியிருக்கேன். நான் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவ, டாக்டர் இல்ல, அதனால இந்த மருந்து கொடுக்கலாமா அந்த மாத்திரைய நிறுத்தலாமான்னு கேட்டவங்க எல்லாம் உங்க டாக்டர்கிட்டயே போங்கம்மா.

எங்க பாப்பாவுக்கு ஒன்றரை மாசத்துல பிஹெச்சில, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல, ஒரே நாள்ல 3 ஊசி குத்தி, வாயில வேற ரெண்டு மருந்து விட்டாங்க சிஸ்டர். அன்னிக்கு ராத்திரி பூரா காய்ச்சல், ஒரே அழுகை. என் மாமியார் "எங்க காலத்துல இப்படியா, பச்சப்புள்ளைய குத்திக் கிழிச்சிட்டாங்களே"ன்னு சொல்லி அடுத்த ஊசிக்கு விடவே மாட்டேங்கறாங்க. வாரத்துக்கு ஒண்ணா தனித்தனியா போட்டுக்கலாமா?
- இரண்டரை மாதக் குழந்தையின் அம்மா, தேனி மாவட்டம்

மொதல்ல மாமியார்கிட்ட ஒரு நல்ல சேதி சொல்லிடுங்க, இப்ப ரெண்டரை மாசத்துல போடப்போறது ஒரே ஒரு ஊசிதான், தொடையில. கூட போலியோ சொட்டும் வயித்துப்போக்குக்கான ரோட்டா மருந்தும் வாயில. மறுபடி மூணு ஊசி மூணரை மாசத்துலதான், அதுக்குள்ள அவங்க மனசு மாறிடும்.

ஒன்றரை மாசத்துல போட்டது என்னென்னன்னா, இடது தொடையில பென்டா, அது ஒரே ஊசியில அஞ்சு நோய்க்கு, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலையில பி வகை, அப்புறம் ஹிப்னு ஒரு கிருமி, நிமோனியாவும் மூளைச்சவ்வு காய்ச்சலும் கொண்டுவர்றது. வலது தொடையில பிசிவி, அது நிமோகாக்கஸ் நிமோனியாவுக்கு. வலது கையில தோலுக்குள்ள ஒரு பொட்டு மாதிரி போடறது போலியோ ஊசி, 0.1 மில்லிதான். தனித்தனியா போட்டா குழந்தை மூணு தடவை அழும், நீங்க மூணு தடவை லீவு போடணும், அதுல ஒண்ணு கண்டிப்பா விட்டுப்போகும், இத நான் எத்தனையோ வீட்ல பாத்திருக்கேன். அதனாலதான் ஒரே நாள்ல. உடம்பு இதையெல்லாம் ஒண்ணா தாங்கிக்கும், தாங்காதுன்னா அரசாங்கம் வருஷத்துக்கு ரெண்டரைக் கோடிக்கும் மேல பொறக்கற குழந்தைங்களுக்கு இப்படி அட்டவணை போடாது.

காய்ச்சல் பென்டாவாலதான், அதுல இருக்கற கக்குவான் பகுதிதான் காரணம், ஒரு நாள் ரெண்டு நாள்ல இறங்கிடும். எடைக்கு எத்தனை சொட்டு பாராசிட்டமால்னு சிஸ்டர்கிட்டயே கேட்டு வாங்கிட்டு வாங்க. ஊசி போட்ட எடத்துல தேய்க்காதீங்க, எண்ணெய் வேணாம், மஞ்சப்பத்து வேணாம், ரொம்ப வீங்கியிருந்தா ஈரத்துணி போதும். பால் எப்ப வேணா கொடுக்கலாம், சொட்டு மருந்துக்கு அப்புறம் அரை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாதுன்னு யார் கெளப்பிவிட்டாங்களோ தெரியல, அப்படி ஒண்ணும் கெடையாது. ஆனா 3 மணி நேரத்துக்கு மேல நிறுத்தாம வீல் வீல்னு அழுதாலோ, ஃபிட்ஸ் வந்தாலோ, துவண்டு போனாலோ வீட்ல வெச்சிக்கிட்டு பாக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. அது ரொம்ப அபூர்வம்தான், இருந்தாலும் தெரிஞ்சிருக்கணும். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உக்காரச் சொல்றதும் இதுக்குத்தான், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடாதீங்க.

மாமியாருக்கு ஐம்பது வயசு தாண்டியிருந்தா கையப் பாருங்க, அம்மை குத்துன தழும்பு இருந்தாலும் இருக்கும். அவங்க காலத்துலயும் குத்தத்தான் செஞ்சாங்க, அதனாலதான் இன்னிக்கு பெரியம்மைக்குன்னு ஊசியே தேவைப்படல. 1985ல யூஐபினு இந்த அரசுத் தடுப்பூசித் திட்டம் ஆரம்பிச்சப்ப ஆறு நோய்க்குத்தான் ஊசி, இப்ப பன்னெண்டு, ஊசி கூடினதுக்கு அதுதான் காரணம்.

பிரைவேட்ல "வலியில்லாத ஊசி"ன்னு ஒண்ணு ஆயிரக்கணக்குல சொல்றாங்க. கவர்மெண்ட் ஊசி ஃப்ரீ. ஃப்ரீன்னா தரம் கம்மியா சிஸ்டர், உண்மைய சொல்லுங்க.
- பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்

உண்மையத்தான் சொல்றேன் தம்பி. வித்தியாசம் கக்குவான் பகுதியிலதான் இருக்கு. கவர்மெண்ட் பென்டாவுல கிருமிய முழுசா கொன்னு போட்டிருக்காங்க, அதனால காய்ச்சலும் வீக்கமும் கொஞ்சம் ஜாஸ்தி. வலியில்லாததுல கிருமியோட சில துண்டு மட்டும் இருக்கும், காய்ச்சல் கம்மி, ஆனா அதோட பாதுகாப்பு சீக்கிரமா குறையுதுன்னு பல நாட்டு அனுபவம் சொல்லுது. நம்ம நாட்டு குழந்தை மருத்துவர் சங்கமே முதல் மூணு டோஸுக்கு முழுக் கிருமி ஊசிதான் நல்லதுங்குது. ஊசி குத்துற வலி ரெண்டுலயும் ஒண்ணுதான், அந்தப் பேரு யார் வெச்சாங்களோ நல்ல வியாபாரி. உங்ககிட்ட காசிருந்து, குழந்தை காய்ச்சல்ல கெடக்கறத பாக்க முடியலன்னா போட்டுக்குங்க, அது ஒண்ணும் தப்பான மருந்து இல்ல. ஆனா கடன் வாங்கிப் போடாதீங்க. பென்டாவ இந்தியாவுல மொதமொதல்ல 2011 டிசம்பர்ல ஆரம்பிச்சதே நம்ம தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான், அப்ப குத்திக்கிட்ட பிள்ளைங்க இன்னிக்கு ஹைஸ்கூல் போகுதுங்க.

பொறந்தப்ப டிபிக்குன்னு போட்ட பிசிஜி ஊசி ஒரு மாசம் கழிச்சு கட்டியாகி சீழ் வெச்சிருக்கு, பயமா இருக்கு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு தழும்பே வரல, அவங்களும் பயப்படறாங்க. ரெண்டுல எது சரி?
- இரண்டு அம்மாக்கள் சேர்ந்து, மதுரை

ரெண்டும் சரிதான். ரெண்டு மூணு வாரத்துல சின்னக் கட்டி வரும், ஒடையும், கொஞ்சம் சீழ் வரும், தானா காஞ்சு தழும்பாகும். அமுக்காதீங்க, பவுடர் ஆயின்மென்ட் ஒண்ணும் வேணாம், குளிப்பாட்டலாம். அக்குள்ல நெறிகட்டி பெருசா வந்தா மட்டும் காட்டுங்க. தழும்பு வரலன்னா மறுபடி போடத் தேவையில்ல.

இதே கேள்வியில ஒருத்தர் "பிசிஜி போட்டா பெரியவனானதும் டிபி வராதா"ன்னு கேட்டிருந்தார். வரலாம். இத உலகத்துக்கே காட்டுன ஊரு நம்ம செங்கல்பட்டுதான், 1968ல ஆரம்பிச்சு அந்தப் பக்கத்து கிராமங்கள்ல ரெண்டரை லட்சம் பேருக்கு மேல சேர்த்து பெரிய ஆராய்ச்சி நடத்துனாங்க, பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டிபிய இந்த ஊசி தடுக்கலன்னு தெரிஞ்சுது. அப்புறம் ஏன் போடறோம்னா, கைக்குழந்தைக்கு டிபி மூளைக்குப் போறதையும் உடம்பெல்லாம் பரவறதையும் இது நல்லா தடுக்குது. அந்த வயசுல மூளை டிபி வந்த குழந்தைய ஒரு தடவை வார்டுல பாத்தவங்க இந்தக் கேள்வி கேக்க மாட்டாங்க.

சிஸ்டர், நாங்க செங்கல் சூளை வேலைக்கு வேற மாவட்டம் போயிட்டோம். குழந்தைக்கு ஆஸ்பத்திரில பொறந்தப்ப போட்டதோட சரி, இப்ப 7 மாசம் ஆகுது. இப்ப போனா திட்டுவாங்களோன்னு போகவே இல்ல. எல்லாம் முதல்ல இருந்து போடணுமா?
- விருதுநகர் மாவட்டத்து அப்பா

இந்த லெட்டர்தான் எனக்கு ரொம்ப முக்கியம்.

எங்க இருக்கீங்களோ அங்கேயே போங்க, சொந்த ஊருக்கு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். வேற மாவட்டமென்ன, வேற மாநிலமா இருந்தாலும் அதே அட்டவணைதான், அதே இலவசம்தான், ஆதார் அட்ரஸ் வேற ஊர்னு திருப்பி அனுப்பக் கூடாது. விட்டுப்போனது விட்டுப்போனதுதான், ஆனா போட்ட ஊசி வீணாகாது, எங்க நின்னுதோ அங்கேருந்து தொடர்ந்தா போதும், இது எல்லா ஊசிக்கும் பொது விதி. உங்க குழந்தைக்கு ஒரு வயசுக்குள்ள பென்டா ஒண்ணாவது ஆரம்பிச்சுட்டா மூணையும் முடிச்சுக்கலாம், நடுவுல 4 வாரம் இடைவெளி. நிமோனியா ஊசிக்கும் போலியோ ஊசிக்கும் 8 வாரம். ரோட்டாவும் ஒரு வயசுக்குள்ள ஆரம்பிக்கலாம். ஒரு வயசு தாண்டிட்டா பென்டா கெடைக்காது, அதுக்குப் பதிலா முத்தடுப்பு ஊசி போடுவாங்க, அதுல காமாலையும் ஹிப்பும் இல்ல. அதனால இன்னும் அஞ்சு மாசம் இருக்கேன்னு இருக்காதீங்க, வர்ற புதன்கிழமையே போயிடுங்க. 9 மாசம் முடிஞ்சதும் தட்டம்மை ஊசி, அந்தத் தேதிய மறக்காதீங்க.

திட்டறத பத்தி. திட்டுவாங்க தம்பி, சில பேர் திட்டத்தான் செய்வாங்க, நானே என் கூட வேலை செஞ்சவங்ககிட்ட இதுக்காக சண்டை போட்டிருக்கேன். காலையில கூலிய விட்டுட்டு குழந்தையத் தூக்கிட்டு வந்தவங்கள வரிசையில நிக்க வெச்சு "இத்தனை நாளா எங்க போன"ன்னு கேட்டா அடுத்த புதன் அவங்க வருவாங்களா? வரமாட்டாங்க. விட்டுப்போன குழந்தைங்கள தேடிப்பிடிக்கத்தான் 2014 டிசம்பர்ல மிஷன் இந்திரதனுஷ்னு தனியா ஒரு திட்டமே போட்டாங்க, செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கற எடம், குடிசைப் பகுதின்னு லிஸ்ட் எடுத்துத் தேடிப் போகணும்கறதுதான் அதோட வேலையே. அப்படித் தேட வேண்டிய குழந்தை தானா வந்து நிக்கும்போது திட்டறது என்ன நியாயம். யாராவது கத்துனா காதுல வாங்காம ஊசிய மட்டும் வாங்கிட்டு வாங்க.

எங்க ஏரியா சென்டர்ல 9 மாச ஊசிக்குப் போனா "இன்னிக்கு நீங்க ஒரே ஆள்தான், பாட்டில் ஒடைக்க முடியாது, அடுத்த வாரம் வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ஒரு ஊசிக்கு இவ்வளவு கஞ்சத்தனமா?
- ஆத்திரத்துடன் ஒரு அம்மா, கடலூர் மாவட்டம்

கோவம் நியாயமானது. விதி என்னன்னா ஒரே ஒரு குழந்தை வந்தாலும் தட்டம்மை ருபெல்லா பாட்டில ஒடைச்சுப் போட்டே ஆகணும், மிச்சம் வீணானா பரவாயில்லங்கறதுதான் அரசாங்கக் கணக்கு. திரும்ப அப்படிச் சொன்னா மெடிக்கல் ஆபீசர்கிட்ட கேக்கறேன்னு சொல்லுங்க.

ஆனா சிஸ்டர் பக்கமும் கொஞ்சம் சொல்றேன், கேளுங்க. இந்த எம்ஆர் ஊசியும் பிசிஜியும் பொடியா வரும், கூட வர்ற திரவத்துல கலக்கணும், கலக்குன நேரத்த பாட்டில் மேலயே எழுதணும், 4 மணி நேரம் ஆனா தூக்கிப் போட்டுடணும். கிருமி வளராம தடுக்கற மருந்து அதுல கெடையாது, நேரம் தாண்டிப் போட்டா குழந்தை உசுருக்கே ஆபத்து. பென்டா மாதிரி பாட்டில்னா சரியா வெச்சிருந்தா தேதி எழுதி 28 நாள் வரைக்கும் வெச்சுக்கலாம். அதனால எம்ஆர் பாட்டில்ல மட்டும் ஒரு குழந்தைக்குப் போட்டுட்டு மிச்ச டோஸ் போகுதேன்னு கை தயங்கும்.

காலையில நாலரை அஞ்சு மணிக்கு எழுந்து இந்த வேலைய பாத்தவங்களுக்குத்தான் தெரியும். பிஹெச்சி ஃபிரிட்ஜ்ல 2 டிகிரில இருந்து 8 டிகிரிக்குள்ளதான் மருந்து இருக்கணும். வெளிய எடுத்துட்டுப் போற நீலப் பெட்டிக்கு நாலு ஐஸ் பேக், ஃப்ரீசர்ல இருந்து எடுத்த உடனே கல்லு மாதிரி வெச்சுடக் கூடாது, வெளிய வெச்சு மேல வேர்க்கணும், காதுகிட்ட ஆட்டிப் பாத்தா உள்ள தண்ணி சலசலங்கணும், அப்பதான் பெட்டியில வெக்கணும். சூட்டுல கெட்டுப்போறது போலியோ சொட்டு, ஆனா பென்டா ஐஸ் பட்டு உறைஞ்சா செத்துடும், ரெண்டும் ஒரே பெட்டியில போகணும், அதான் இந்தப் பாடு. போலியோ பாட்டில் மேல ஊதா வட்டத்துக்குள்ள ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கும், நீங்களே கேட்டுப் பாக்கலாம், சூடு பட படச் சதுரம் கருத்துக்கிட்டே வரும், வட்டத்து நெறத்துக்கு வந்துட்டா அந்த பாட்டில் குப்பைக்கு.

இந்த பயம் எங்களுக்கு ரொம்ப ஏறுனது 2008 ஏப்ரலுக்கு அப்புறம். திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைங்க இறந்து போச்சு. அதோட கிராமத்துல, துணை சுகாதார நிலையத்துல ஊசி போடறத நிறுத்தி, டாக்டர் இருக்கற பிஹெச்சிலதான் போடணும்னு மாத்துனாங்க. பாதுகாப்புக்குன்னு செஞ்சதுதான், குறை சொல்ல மாட்டேன், ஆனா பஸ் இல்லாத ஊர்க்காரங்க என்ன பண்ணுவாங்க? தேசிய குடும்ப நல ஆய்வுல 2005-06ல தமிழ்நாட்டுல எல்லா ஊசியும் போட்ட குழந்தைங்க 80.9 சதவீதம், 2015-16ல அது 69.7க்கு விழுந்துச்சு. தடுப்பூசில முதல் எடம்னு பேரு வாங்குன மாநிலம்! அது ஒண்ணுதான் காரணம்னு சொல்லல, ஆனா ஊசிய ஜனங்ககிட்ட இருந்து அஞ்சு கிலோமீட்டர் தள்ளி வெச்சா என்னாகும்னு ஊர்ல வேலை பாத்தவங்களுக்கு அப்பவே தெரியும். படிப்படியா திரும்ப ஊருக்கே கொண்டுவந்தாங்க, 2019-21 ஆய்வுல 89.2 ஆச்சு. அதனாலதான் உங்கள மாதிரி ஒருத்தங்கள திருப்பி அனுப்புனாங்கன்னு கேட்டா எனக்கும் ஆத்திரம் வருது.

எம்ஆர் ஊசி போட்டா ஆட்டிசம் வரும், பொண்ணுங்களுக்கு பின்னாடி குழந்தை பொறக்காதுன்னு ஃபேமிலி குரூப்ல வீடியோ வந்துச்சு. ரெண்டாவது டோஸ் போடலாமா வேணாமா?
- ஒன்றரை வயதுப் பெண் குழந்தையின் அப்பா, சேலம்

போடுங்க. இதே வீடியோதான் 2017 பிப்ரவரிலயும் சுத்துச்சு, தமிழ்நாடு, கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவுல 9 மாசத்துல இருந்து 15 வயசு வரைக்கும் எல்லாருக்கும் எம்ஆர் போட்டப்ப. பள்ளிக்கூட வாசல்ல அப்பா அம்மாங்க வந்து நின்னு "என் புள்ளைக்குப் போடாதே"ன்னு எழுதிக் கொடுத்தாங்க, நாள நீட்டித்தான் முடிக்க வேண்டியிருந்துச்சு.

ஆட்டிசம் கதைக்கு மூலம் 1998ல லண்டன்ல வேக்ஃபீல்டுனு ஒரு டாக்டர் பன்னெண்டே குழந்தைங்கள வெச்சு எழுதுன கட்டுரை. அது மோசடின்னு தெரிஞ்சு 2010ல அந்தப் பத்திரிகையே கட்டுரைய வாபஸ் வாங்கிடுச்சு, அவருக்கு இங்கிலாந்துல டாக்டர் தொழில் செய்யற உரிமையும் போச்சு. அதுக்கப்புறம் லட்சக்கணக்கான குழந்தைங்கள வெச்சுப் பாத்தும் சம்பந்தம் இல்லன்னுதான் வந்திருக்கு. மலட்டுத்தன்மைங்கறது தலைகீழ் கதை, ருபெல்லா ஊசி போடறதே பின்னாடி அந்தப் பொண்ணு வயித்துல வளரப்போற குழந்தைக்காகத்தான். மாசமா இருக்கறப்ப மொத மூணு மாசத்துல ருபெல்லா வந்தா குழந்தை கண்புரையோட, காது கேக்காம, இருதயத்துல ஓட்டையோட பொறக்கலாம். பையனுக்கு எதுக்குன்னு கேட்டு இன்னும் ரெண்டு லெட்டர் இருக்கு, வீட்ல மாசமா இருக்கறவங்களுக்குக் கொண்டுவந்து ஒட்டவைக்கறது அவனாவும் இருக்கலாம்ல.

ரெண்டாவது டோஸ் ஏன்னா மொத டோஸ்ல எல்லாக் குழந்தைக்கும் சக்தி வர்றதில்ல. தட்டம்மை அவ்வளவு வேகமா ஒட்டற நோய், நூத்துல 95 பேருக்கு ரெண்டு டோஸ் இருந்தாதான் ஊர்ல பரவாம நிக்கும்.

போலியோதான் ஒழிஞ்சிருச்சே, பூத்ல கொடுக்கற சொட்டு இன்னும் எதுக்கு? நாங்க ரெகுலர் டோஸ் எல்லாம் போட்டாச்சு.
- கல்லூரி ஆசிரியர், திருச்சி

பூத்லயும் கொடுங்க சார். இந்தியாவுல கடைசி கேஸ் 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்துல ஹவுரா பக்கத்துல ஒரு பெண் குழந்தை, 2014 மார்ச்ல போலியோ இல்லாத பகுதின்னு சான்றிதழ் வாங்குனோம். ஆனா பாகிஸ்தான்லயும் ஆப்கானிஸ்தான்லயும் இன்னும் இருக்கு, கிருமிக்கு பாஸ்போர்ட் தேவையில்ல. ஒரே நாள்ல எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தா கிருமிக்குப் போக்கிடம் இல்லாமப் போயிடும்கற இந்த முறைய 80கள்லயே வேலூர்ல செஞ்சு காட்டுனவர் சிஎம்சி டாக்டர் ஜேக்கப் ஜான், நாடு முழுக்க வந்தது 1995லதான். கூடுதல் சொட்டால கெடுதல் ஒண்ணும் இல்ல. சுண்டுவிரல் மையப் பாத்துட்டு ஸ்கூல்ல பசங்க பெருமையடிச்சுக்குவாங்க, அது வேற.

சளி இருக்கு, லேசா காய்ச்சல். ஊசி போடலாமா?
- பலர்

போடலாம். ஆஸ்பத்திரில சேர்க்கற அளவுக்கு முடியலன்னாதான் தள்ளிப்போடணும்.

எட்டாம் மாசத்துல பொறந்த குழந்தை, எப்ப இருந்து கணக்கு?
- வாசகி, நாகர்கோவில்

பொறந்த தேதில இருந்துதான். ஒன்றரை மாசம்னா ஒன்றரை மாசம். குறைமாசக் குழந்தைக்கு கக்குவானும் நிமோனியாவும் இன்னும் ஆபத்து, அதனால தள்ளிப்போடவே கூடாது.

பொன்னுக்கு வீங்கிக்கு கவர்மெண்ட்ல ஊசி இல்லையா?
- வாசகர், கும்பகோணம்

இல்ல. தட்டம்மையும் ருபெல்லாவும் மட்டும்தான் அரசுத் திட்டத்துல, பிரைவேட்ல எம்எம்ஆர்னு போடறதுல இதுவும் சேர்ந்திருக்கும். சேர்க்கணும்கறது என் ஆசை, பள்ளிக்கூடத்துல பசங்க வரிசையா கன்னம் வீங்கி வர்றத பாத்துட்டு சொல்றேன்.

தடுப்பூசி கார்டு மழையில நனைஞ்சு போச்சு, என்ன போட்டோம்னே தெரியல.
- வாடகை வீட்டு வாசகி, சென்னை

மாசமா இருக்கறப்ப பதிவு பண்ணிக் கொடுத்த பிக்மி நம்பர் இருக்கும்ல, பிறப்புச் சான்றிதழுக்கே கேட்டிருப்பாங்க, அத எடுத்துட்டு ஊசி போட்ட சென்டருக்கே போங்க, சிஸ்டர் ரிஜிஸ்டர்ல இருக்கும். இப்ப யூவின்னு ஆன்லைன்லயும் ஏத்தறாங்க, உங்க செல் நம்பர் கொடுத்திருந்தா அதுலயும் பாக்கலாம். எங்கேயும் கெடைக்கலன்னா போடாததா நெனச்சு திரும்பப் போடுவாங்க, அதுல ஆபத்து இல்ல. அடுத்த கார்டு கைக்கு வந்த உடனே செல்லுல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

பெரியவன் ரெண்டாம் வகுப்பு. ஒன்றரை வயசு ஊசியோட நிறுத்திட்டோம், 5 வயசு ஊசின்னு ஒண்ணு இருக்கறதே இப்பதான் தெரிஞ்சுது.
- அம்மா, நாமக்கல்

நெறைய பேர் இதத்தான் விட்டுடறாங்க. 5ல இருந்து 6 வயசுக்குள்ள முத்தடுப்பு ரெண்டாவது பூஸ்டர். பையனுக்கு இன்னும் 7 வயசு முடியலன்னா வர்ற புதன்கிழமையே போட்டுக்கலாம். முடிஞ்சிடுச்சுன்னா முத்தடுப்பு போட மாட்டாங்க, டிடினு ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்ந்த ஊசி இருக்கு, அத எப்ப போடலாம்னு பிஹெச்சி டாக்டர் சொல்வார். அதே டிடி எல்லாப் பிள்ளைங்களுக்கும் 10 வயசுலயும் 16 வயசுலயும் உண்டு, ஸ்கூலுக்கே வந்து போடுவாங்க, அன்னிக்கு லீவு போட வெக்காதீங்க. தொண்டை அடைப்பான்லாம் இப்ப எங்கன்னு கேக்காதீங்க, 2016ல பக்கத்துல கேரளாவுல மலப்புரத்துல வந்துச்சு, மாட்டுனதுல நெறைய பேர் ஊசிய பாதில விட்ட, இல்ல போடவே போடாத பெரிய பசங்க.